பாய் கடைசியில் வாங்கினால் போதும்

திண்டுக்கல்லைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் இப்போது பிளாட் கல் நட்டிருக்கிறது. வீடு கட்டப் போகிறவர்கள் இன்ஜினீயரிடம் பிளான் கேட்பதற்கு முன்பே செல்போனில் ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். என் அண்ணன் மகன் காட்டியது ஒரு ஜப்பானிய அறையின் படம். தரை முழுக்க வெளிர்பச்சைப் பாய், காகிதம் ஒட்டிய கதவு, முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு மேஜை, சுவரோரம் ஒற்றைப் பூ. வேறு சாமான் கிடையாது.

"சித்தப்பா, மாடியில ஒரு ரூம் இதே மாதிரி வேணும். பாய் ஆன்லைன்ல வருது. எத்தனை வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க."

"பாய் வாங்குறது கடைசி வேலைப்பா. இந்தப் படத்துல உனக்குப் பிடிச்சது பாய்தானா, வேற எதுவுமான்னு மொதல்ல பாத்துருவோம். டீயைக் குடி."

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். வீடு கட்டுகிற வேறு சிலருக்கும் உதவலாம்.

மூன்றடிக்கு ஆறடி

அந்தப் பாயின் பெயர் தத்தாமி. பாய் என்று சொல்கிறோமே தவிர, அதைச் சுருட்ட முடியாது. இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமான ஒரு பலகை மெத்தை அது. ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் அடுக்கி, தரையாகவே பதித்துவிடுகிறார்கள்.

அதன் அளவு நம் ஆட்களுக்கு உடனே பிடிபடும். ஜப்பானியர்களின் பழைய முழக்கணக்கில் ஓர் அலகு ஷாக்கு, 30.3 சென்டிமீட்டர். நம் கொத்தனார் டேப்பில் பார்க்கிற அடி 30.48. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு தத்தாமி மூன்று ஷாக்கு அகலம், ஆறு ஷாக்கு நீளம். கடையில் நாம் வாங்குகிற ஒற்றைக் கோரைப்பாயும் பெரும்பாலும் அந்த மூன்றுக்கு ஆறுதான். ஒரு மனிதர் மல்லாந்து படுத்துக் கைகால் நீட்ட எவ்வளவு வேண்டுமோ, அதை இரண்டு ஊரும் தனித்தனியே அளந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. ஊருக்கு ஊர் சின்ன வித்தியாசம் உண்டு. கியோட்டோ பக்கத்துப் பாய் 191 சென்டிமீட்டர் நீளம், டோக்கியோ பக்கம் 176.

வித்தியாசம் எங்கே தொடங்குகிறது என்றால், நாம் அறையைக் கட்டிவிட்டுப் பாயை விரிக்கிறோம். அவர்கள் பாயை எண்ணி அறையைக் கட்டுகிறார்கள். வாடகை வீட்டு விளம்பரத்தில் இன்றைக்கும் ‘ஆறு பாய் அறை’, ‘எட்டுப் பாய் அறை’ என்றுதான் போடுகிறார்கள். ஆறு பாய் என்றால் ஒன்பதுக்குப் பன்னிரண்டு அடி. நாலரைப் பாய் என்றால் ஒன்பதுக்கு ஒன்பது.

"அது என்ன சித்தப்பா நாலரை?"

மேஜையில் கிடந்த பழைய பேப்பரைக் கிழித்துக் காட்டினேன். அகலத்தைப் போல் இரண்டு பங்கு நீளமுள்ள துண்டு நாலு, அதில் பாதியாக ஒரு சதுரம். சதுரத்தை நடுவில் வைத்து, நாலு துண்டையும் ஒன்றின் தலை இன்னொன்றின் இடுப்பில் முட்டுகிற மாதிரி சுற்றிலும் வைத்தால் கச்சிதமான ஒரு பெரிய சதுரம் கிடைக்கிறது. எந்த இடத்திலும் நாலு மூலை ஒரே புள்ளியில் சந்திக்கவில்லை. வீட்டில் நாலு மூலை சேர்ந்து கூட்டல் குறி விழுவது ஆகாது என்பது அங்கே நம்பிக்கை. கோயில்களின் பெரிய கூடங்களில்தான் கட்டம் கட்டமாக நேர்வரிசையில் பதிப்பார்கள். நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தச் சுற்று அமைப்பில் கண் ஒரே கோட்டில் ஓடி மறுசுவரில் போய் மோதாது, அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். படத்தைப் பார்த்ததும் மனசு நிற்கிறது என்கிறாயே, அதற்கு ஒரு காரணம் இது.

கியோட்டோவில் வெள்ளிக் கோயில் என்று சொல்லப்படுகிற கின்ககுஜியில், 1486-ல் அஷிகாகா யோஷிமாசா கட்டிய தோகுதோ மண்டபத்துக்குள் நாலரைப் பாயில் ஒரு சின்ன வாசிப்பறை இருக்கிறது. நாட்டையே ஆண்ட ஷோகன், ஓய்ந்த காலத்தில் படிப்பதற்கு வைத்துக்கொண்ட இடம் ஒன்பதுக்கு ஒன்பது. அதற்கு நூறு ஆண்டு கழித்து, தேநீர்க் கலையை ஒழுங்குபடுத்திய சென் நோ ரிக்யூ இன்னும் சுருக்கினார். கியோட்டோவுக்குத் தெற்கே யாமாசாகியில், அவர் அமைத்ததாகச் சொல்லப்படும் தைஅன் தேநீர் அறை வெறும் இரண்டு பாய். விருந்தாளி நுழையும் வாசல் குனிந்து, முழங்காலால் நகர்ந்துதான் உள்ளே போக முடிகிற அளவு. எவ்வளவு பெரிய ஆளானாலும் தலையைத் தாழ்த்தித்தான் நுழைய வேண்டும்.

உட்கார அரைப் பாய், படுக்க ஒரு பாய் என்று ஜப்பானியர் ஒரு பழமொழி சொல்வார்கள். எவ்வளவு சம்பாதித்தாலும் ஒரு மனிதனுக்கு வேண்டிய இடம் அவ்வளவுதான் என்பது பொருள். ஜென் மடங்கள் பலவற்றில் அதை அப்படியே கடைப்பிடிக்கிறார்கள். பயிற்சி எடுக்கிற துறவிக்குத் தியானம், சாப்பாடு, தூக்கம் எல்லாமே தனக்கென்று ஒதுக்கிய ஒரே பாயில். இந்த ஜென் மரபு நமக்குத் தொலைவிலும் இல்லை. கொடைக்கானல் ஏறும் வழியில் பெருமாள்மலையில் 1996 முதல் போதி ஜென்டோ என்ற தியான மையம் நடக்கிறது. ஜப்பானில் காமகுராவின் யமதா கோவுன் என்ற ஜென் குருவிடம் பயின்ற இயேசு சபைப் பாதிரியார் ஆமா சாமி தொடங்கியது. நம் மாவட்டம்தான். தரையில் பேச்சில்லாமல் உட்கார்வதற்கென்றே வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து தங்குகிறார்கள்.

வைக்கோலும் புல்லும்

மரபான தத்தாமியின் உள்ளே இருப்பது நெல் வைக்கோல். நாற்பது சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய வைக்கோலை அழுத்தித் தைத்து ஐந்து சென்டிமீட்டருக்குக் கொண்டுவருகிறார்கள். அப்படிச் செய்த ஒரு பாய் முப்பது கிலோ வரை கனக்கும். அதன்மேல் இகுசா என்கிற ஒரு வகை நாணலில் நெய்த மெல்லிய மேல்பாய். நீளப் பக்கம் இரண்டிலும் துணிக்கரை.

கையால் தைக்கிற ஆள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். கோணி ஊசியைவிட நீளமான ஊசியை உள்ளங்கைத் தோலுறையால் தள்ளி ஏற்றுவார். நூலை இழுக்கும்போது முழங்கையைப் பாயின் விளிம்பில் ஊன்றி, உடம்பின் பாரத்தையே இறக்கித் தையலை இறுக்குவார். இந்தத் தொழிலையும் சேர்த்துத்தான் ஜப்பானின் மரக்கட்டடக் கலைகளை யுனெஸ்கோ 2020-ல் தன் பண்பாட்டுப் பட்டியலில் ஏற்றியது.

இகுசாவை நம் கோரையோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். கோரைத் தண்டு முக்கோணம். அதைக் கிழித்துத்தான் நெய்ய வேண்டும். தாமிரபரணிக் கரையில் பத்தமடையில், காயவைத்த கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, அதன்பின் தலைமுடி மாதிரி சன்னமாகக் கீறி, பருத்திப் பாவில் நெய்கிறார்கள். புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பட்டுப்பாயைத் துணி போல மடித்துக் கையில் எடுத்துப் போகலாம். கல்யாணச் சீருக்கு மணமக்கள் பெயரை நெய்தே கேட்டு வாங்குகிற வழக்கமும் உண்டு.

இகுசா அப்படி இல்லை. தண்டு உருண்டை, உள்ளே நுரை போன்ற சோறு. கிழிக்காமல் முழுசாகவே நெய்கிறார்கள். குமமோத்தோ மாகாணத்து யாட்சுஷிரோ வட்டாரத்தில்தான் ஜப்பானின் பெரும்பகுதி இகுசா விளைகிறது. குளிர்காலத்தில் வயலில் நட்டு, ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் அறுத்து, களிமண் கரைத்த நீரில் முக்கிக் காயவைக்கிறார்கள். நிறம் ஒரே சீராக நிற்பதற்கும் அந்தப் புது வாசனைக்கும் இந்த மண் குளியலுக்குப் பங்கு உண்டு. ஒரு பாய்க்கு நாலாயிரம் தண்டிலிருந்து ஏழாயிரம் தண்டு வரை போகும். உள்ளே சோறு இருப்பதால் காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். காற்று வறண்டால் திருப்பிக் கொடுக்கும்.

புதுசாக இருக்கையில் பச்சை. ஒன்றிரண்டு வருஷத்தில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். மேல்பாய் தேய்ந்தால் பாயையே தூக்கிப் போடுவதில்லை. மேல்பாயைப் பிரித்து மறுபக்கம் திருப்பித் தைப்பார்கள். அதுவும் தேய்ந்தால் மேல்பாய் மட்டும் புதுசு. உள்மெத்தை பல வருஷம் அப்படியே கிடக்கும். படத்தில் பச்சையாகத் தெரிகிறதென்றால் அது புதுப் பாய், அவ்வளவுதான். வயதான தத்தாமி அறை பொன்னிறமாகத்தான் இருக்கும்.

அவர்கள் பதித்தார்கள், நாம் சுருட்டினோம்

"அப்போ அதையே வாங்கிப் போட்டா என்ன?"

போடலாம். ஆனால் அவர்கள் ஏன் பதித்தார்கள், நம் பாட்டி ஏன் விடிந்ததும் பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினாள் என்பதைத் தெரிந்துகொண்டு போடு.

டோக்கியோவில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை. ஜூன், ஜூலையில் வாரக்கணக்கில் நசநசவென்று தூறும். குளிர்காலத்தில் தரை சில்லிட்டுப் போகும். அதனால் பழைய வீடுகளில் மரத்தரையை மண்ணிலிருந்து ஒன்றரை அடிக்குத் தூக்கிக் கட்டி, அடியில் காற்று ஓட விட்டார்கள். அந்தப் பலகைமேல் வைக்கோல் மெத்தையைப் போட்டால் கீழிருந்து வரும் குளிரும் ஏறாது, ஈரமும் தங்காது.

நமக்குப் பிரச்சினையே வேறு. மழை மறைவுப் பூமி. மாவட்டத்தில் பெய்கிற மழை டோக்கியோவில் பாதியை ஒட்டித்தான். இங்கே தரை சில்லென்று இருப்பதுதான் வரம். சித்திரை வைகாசியில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் காவி போட்ட சிமெண்டுத் தரையில் பாயே இல்லாமல் துண்டை விரித்துப் படுத்தவர்களுக்கு இது தெரியும். தரையைப் பகலெல்லாம் மெத்தையால் மூடிவைப்பது அந்தக் குளிர்ச்சியை வீணாக்குவது. அதனால் நம் பாய் மெல்லிசாக இருந்தது, சுருட்ட வந்தது, ராத்திரிக்கு மட்டும் விரிந்தது. இன்னொரு காரணம் கறையான். செம்மண் பூமியில் வைக்கோலைத் தரையோடு வருஷக்கணக்கில் கிடத்தினால் முதலில் குடியேறப் போவது அதுதான். ஆன்லைனில் விற்கிற தத்தாமி பலவற்றில் வைக்கோலுக்குப் பதில் மரத்தூள் பலகையோ தெர்மோகோலோ உள்ளே இருக்கும். மரத்தூள் பலகையையும் கறையான் விடாது.

வெயில் நுழைகிற கோணம்

அந்தப் படத்தின் பாதி அழகு வெளிச்சத்தில் இருக்கிறது. அது மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில், தரையைத் தடவியபடி வருகிறது.

இதற்குக் கணக்கு இருக்கிறது. டிசம்பர் மத்தியானத்தில் டோக்கியோவில் சூரியன் அடிவானத்திலிருந்து 31 டிகிரிதான் ஏறும். ஆறடி உயரத் திறப்பு இருந்தால், குறுக்கே எதுவும் மறைக்காதபோது வெயில் பத்தடி உள்ளே நுழையும். ஆறு பாய் அறையின் மறுசுவர் வரை. திண்டுக்கல்லில் அதே நாளில் சூரியன் 56 டிகிரி. வெயில் நாலடியோடு நின்றுவிடும். சித்திரை பிறந்த முதல் வாரத்தில் நமக்கு அது உச்சந்தலைக்கு நேர் மேலேயே வந்துவிடுகிறது. அவர்களுக்கு வெயில் விருந்தாளி, உள்ளே வரட்டும் என்று பக்கச்சுவரையே திறப்பாக வைத்தார்கள். நமக்கு வெயிலை எப்படி வெளியே நிறுத்துவது என்பதே கேள்வி.

உள்ளே வருவதையும் அவர்கள் அப்படியே விடவில்லை. முதலில் நீண்டு தாழ்ந்த கூரை. கோடையில் உயரே நிற்கிற வெயிலை அது வெட்டிவிடும். அதன் அடியில் எங்காவா என்கிற மரத்தாழ்வாரம். நம் திண்ணைக்கு அண்ணன் தம்பி உறவு. ஒரு வித்தியாசம்: திண்ணை தெருவைப் பார்க்கும், வழிப்போக்கனுக்கும் இடம் தரும். எங்காவா பெரும்பாலும் தோட்டத்தைப் பார்க்கும், வீட்டுக்காரர்களுக்கானது. அதையும் தாண்டினால் ஷோஜி. மெல்லிய மரச்சட்டத்தில், முசுக்கொட்டை இன மரத்தின் நாரில் செய்த காகிதத்தை ஒட்டிய இழுப்புக் கதவு. கண்ணாடி வழியே வெயில் கட்டம் கட்டமாக விழும். காகிதம் அதைச் சிதறடித்துவிடுகிறது. அறைக்குள் கூர்மையான நிழலே இருக்காது. மூலைகள் இருட்டாகவும் இல்லாமல் பளிச்சென்றும் இல்லாமல் நிற்கும். எழுத்தாளர் தனிசாகி ஜுனிச்சிரோ 1933-ல் நிழலைப் போற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த மங்கலைப் பற்றியதுதான். மின்விளக்கு வந்து அதைக் கெடுத்துவிட்டது என்று அப்போதே அவருக்கு வருத்தம்.

நம் பழைய ஓட்டு வீட்டில் வெளிச்சம் மேலிருந்து வந்தது. முற்றம் இருந்த வீட்டில் முற்றத்தின் வழியே. இல்லாத வீட்டில், ஓட்டு வரிசையில் நடுவே பதித்த ஒரு கண்ணாடி ஓடு. அடுப்படி இருட்டுக்குள் அந்த ஒற்றைக் கற்றை இறங்கும். அதில் புகை சுழல்வது தெரியும். தரையில் விழுந்த வெளிச்சச் சதுரம் காலையில் அம்மிப் பக்கம் இருந்தால், பொழுது சாயச் சாயப் பானை அடுக்கின் பக்கம் நகர்ந்துவிடும். கடிகாரம் இல்லாத வீட்டில் உலை வைக்கிற நேரத்தை அதை வைத்துச் சொன்னவர்கள் உண்டு. திறப்பில் மூங்கில் தட்டி, வசதியிருந்தால் தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி. நிழலின் அருமை தெரிந்த வீடுகள்தான் அவையும். ஃபால்ஸ் சீலிங்கில் எட்டு எல்.இ.டி. பதித்துவிட்டு, தரையில் தத்தாமி போட்டு அந்தப் படத்தைத் தேடினால் கிடைக்காது.

உட்கார்ந்தவரின் கண்மட்டம்

அடுத்த விஷயம் உயரம். அந்த அறையை நின்றுகொண்டு பார்க்கவே கூடாது. தரையில் உட்கார்ந்தவருக்குக் கண் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். அந்த மட்டத்துக்குத்தான் எல்லாமே அமைந்திருக்கின்றன. அறைகளைப் பிரிக்கிற ஃபுசுமா கதவின் உயரம் ஐந்தே முக்கால் அடியை ஒட்டித்தான். அதன் கைப்பிடிக் குழியும் தாழ்வாக இருக்கும், மண்டியிட்டுத் திறப்பதற்கு. ஓசு யசுஜிரோ 1953-ல் எடுத்த டோக்கியோ ஸ்டோரி படத்தைப் பார்த்தால் புரியும். வீட்டுக்குள் கேமராவைத் தாழ இறக்கி வைத்து, தரையில் உட்கார்ந்த ஒருவர் பார்க்கிற மாதிரியே காட்டியிருப்பார். நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற அறை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று அதில் பார்.

உட்கார்ந்த கண்ணுக்கு நேரே ஒரு மாடம் உண்டு; தொக்கோனோமா. சுவரில் உள்வாங்கிய ஒரு பகுதி, தரையிலிருந்து கொஞ்சம் மேடை. அதில் ஒரு தொங்கு ஓவியம், ஒரு பூ. அவ்வளவுதான். பருவம் மாறினால் ஓவியம் மாறும். அதன்மேல் யாரும் ஏறி உட்கார மாட்டார்கள். முக்கியமான விருந்தாளிக்கு அதன் முன்னால் இடம். நம் வீட்டில் விளக்கு மாடத்துக்கு இருந்த மரியாதைதான். நிலக்கோட்டையில் விளைந்து, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கிலோக் கணக்கில் கொட்டிக் கிடக்கிற பூவைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரே பூவை வைத்து நிறுத்திக்கொள்வதுதான் சிரமமான பகுதி.

பூட்டில்லாத கதவு

"சரி சித்தப்பா, காகிதக் கதவுல பூட்டு எங்க வைக்கிறது?"

பூட்டு ஊர்ப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்விதான். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளச்சாவி போட்டாலும் திறக்காத பூட்டு செய்து பெயர் வாங்கிய ஊர் இது. பழைய ஜப்பானிய வீட்டில் அறைக்கு அறை பூட்டு கிடையாது. காகிதத்துக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். அடுத்தவர் கேட்காத மாதிரி இருந்துகொள்வார்கள். திறப்பதற்கு முன் குரல் கொடுப்பார்கள். சுவர் செய்ய வேண்டிய வேலையை அங்கே பழக்கம் செய்கிறது.

இந்தப் பழக்கங்கள் இல்லாமல் அந்த அறை ஒரு மாதம் தாங்காது. செருப்பு வாசலோடு சரி. மரத்தாழ்வாரத்தில் போட்டு நடக்கிற வீட்டுச் செருப்பையும் பாயில் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். பாயின் துணிக்கரையை மிதிக்கக் கூடாது. கதவு ஓடுகிற படியை மிதிக்கக் கூடாது. நிலைப்படியை மிதிக்காதே என்று நம் வீட்டிலும் அதட்டுவார்களே, அதே கண்டிப்பு. கரை மிதிபட்டால் முதலில் நைந்துபோகும், படி மிதிபட்டால் கதவு சிக்கும் என்ற நடைமுறைக் காரணமும் அதில் இருக்கிறது. காலைப் பார்த்து வைக்கிற ஆள் தானாகவே மெதுவாக நடப்பான். அறையில் சத்தம் குறைவதற்கு அதுவே போதும்.

சாமான் எங்கே போனது

கடைசியாக, படத்தில் தெரியாத ஒன்று. அந்த அறையில் குடியிருக்கிறவர்களுக்கும் மெத்தை உண்டு, தலையணை உண்டு, குளிர்காலப் போர்வை உண்டு. அவையெல்லாம் எங்கே?

பக்கவாட்டு ஃபுசுமாவைத் தள்ளினால் மூன்றடி ஆழத்தில், ஆறடி அகலத்தில் ஒரு அலமாரி இருக்கும். பெயர் ஓஷிஇரே. ஒரு பாய் அளவு இடம் முழுசாக அதற்கே. நடுவில் ஒரு கனமான தட்டு. மேலே படுக்கை, கீழே மற்றவை. விடிந்ததும் படுக்கையை வெயிலில் காட்டித் தட்டி மடித்து உள்ளே வைத்தால் படுக்கையறை காலியாகிவிடும். மேஜையைப் போட்டால் சாப்பாட்டு அறை. விருந்தாளி வந்தால் வரவேற்பறை. நடுக் கதவுகளைக் கழற்றி எடுத்துவிட்டால் இரண்டு அறை சேர்ந்து கல்யாணக் கூடம்.

இது நமக்குத் தெரியாத வாழ்க்கை இல்லை. ஒரே கூடத்தில் காலையில் பாடம் படித்து, மத்தியானம் இலை போட்டு, சாயங்காலம் பூக்கட்டி, ராத்திரி எட்டுப் பேர் வரிசையாகப் படுத்த வீடுகள் ஒரு தலைமுறைக்கு முன்வரை திண்டுக்கல்லில் தெருவுக்குத் தெரு இருந்தன. கட்டில் வந்தது, ஒரு அறை இருபத்து நாலு மணி நேரமும் படுக்கையறையாகவே நின்றுவிட்டது. சோபா வந்தது, கூடத்தில் பாதி போனது. மிச்சமிருந்த கோரைப்பாயின் இடத்தை பிளாஸ்டிக் பாய் பிடித்துக்கொண்டது. ஜப்பானிலும் இதே கதைதான் நடக்கிறது. புதிய அடுக்குமாடி வீடுகளில் தத்தாமி அறை ஒன்றுக்குமேல் இருப்பது அரிது, பலவற்றில் அதுவும் கிடையாது. இகுசா பயிரிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். சந்தையில் சீன இகுசா நிறைய.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கேயும் சரி, இங்கேயும் சரி, தினம் விரித்து, மடித்து, தட்டி, அடுக்கி அந்த அறையைக் காலியாக வைத்தவர்கள் வீட்டுப் பெண்கள். வெறும் அறையின் அமைதிக்குப் பின்னால் அவர்கள் முதுகு இருக்கிறது. யார் மடிப்பது என்று முடிவாகாத வீட்டில் எந்த ஜப்பான் அறையும் பத்தே நாளில் துணி குவிந்த அறையாகிவிடும்.

"அதை நான் பாத்துக்கிறேன் சித்தப்பா" என்றான். சொன்ன வேகத்தைப் பார்த்தால் பாதி நம்பலாம்.

அப்படியானால் என்ன செய்வது

திண்டுக்கல் மாடியில், பத்துக்குப் பத்து அறையில் இதெல்லாம் எவ்வளவு முடியும் என்று இரண்டாவது டீக்கு மேல் கணக்குப் போட்டோம்.

அறையை ஒன்பதுக்குப் பன்னிரண்டாக மாற்றச் சொன்னேன். மூன்றுக்கு ஆறு கோரைப்பாய்க் கணக்கில் அது மிச்சம் மீதி இல்லாமல் ஆறு பாய் இடம். தரைக்குப் பளபளக்கிற டைல் வேண்டாம். அது விளக்கை அப்படியே திருப்பிக் கண்ணில் அடிக்கும். காவி சிமெண்டோ ஆத்தங்குடிக் கல்லோ போட்டால் கோடையில் பாயைச் சுருட்டிவிட்டு வெறுந்தரையில் உட்காரலாம்.

ஜன்னலைத் தாழ்த்தச் சொன்னேன். வழக்கமான மூன்றடித் திண்டு இருந்தால் தரையில் உட்கார்ந்தவருக்குச் சுவர்தான் தெரியும். ஒரு அடியில் ஜன்னல் தொடங்கினால் மலைக்கோட்டைப் பாறையின் ஒரு ஓரமாவது தெரியும். பிள்ளைகளுக்காகக் கம்பி கட்டாயம். ஜன்னல் வடக்கிலோ கிழக்கிலோ இருந்தால் நல்லது. மேற்கில் வேண்டவே வேண்டாம். மேலே மூன்றடி சன்ஷேடு. காகிதம் இந்தத் தூசிக்குத் தாங்காது. மரச்சட்டத்தில் காந்திகிராமம் பக்கம் கிடைக்கிற வெள்ளைக் கதரை இழுத்துக் கட்டினால் வெளிச்சம் அதே மாதிரி சிதறும், அழுக்கானால் துவைக்கலாம்.

மேல்தளம் பத்தடிக்குக் குறைய வேண்டாம். ஜப்பானில் எட்டடி போதும். இங்கே ஃபேன் இல்லாமல் முடியாது. நடு விளக்கைத் தூக்கிவிட்டு, இரண்டடி உயரத்தில் மூலையில் ஒரு விளக்கு. ஒரு சுவரில் ஒரு மாடம். அம்மாவுக்கு முட்டி வலி என்று அவனே சொன்னான். அவர்களுக்கு முதுகு சாய ஒரு தாழ்ந்த நாற்காலி கட்டாயம் போட வேண்டும். ஜப்பானிலும் வயதானவர்களுக்குத் தத்தாமிமேல் குட்டை நாற்காலி போடுகிறார்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பிளானில் கோடு போடும்போதே ஒரு இடத்தை ஒதுக்கச் சொன்னேன்: அறையின் குறுகிய சுவர் முழுக்க, மூன்றடி ஆழத்தில் ஒரு அலமாரி. மெத்தை, போர்வை, இஸ்திரிப் பெட்டி, பிள்ளைகளின் புத்தகப்பை, சுருட்டிய பாய் எல்லாம் உள்ளே போகிற அளவுக்கு.

"மூணடியா? அப்போ ரூம் சின்னதாயிடுமே சித்தப்பா."

"அந்த மூணடியைக் குடுத்தாத்தான் மிச்ச ஒன்பதடி காலியா இருக்கும். குடுக்க மனசில்லன்னா ஒரு கட்டிலை வாங்கிப் போட்டுக்க. அதுவும் நல்ல ரூம்தான், என்ன, ஜப்பான் ரூம்னு பேர் மட்டும் வைக்காத."

இன்ஜினீயருக்குப் போன் போட்டு, அலமாரியின் ஆழம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்டான். பாய் எத்தனை என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.